நல்ல தண்ணி

வெகுநாள் வரை எங்கள் வீட்டு மீனை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நானும் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் அக்கா, "மூணு தடவ கனவு கண்டிருப்ப" என்பாள்.

தொட்டி, அக்கா வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் வரவேற்பறையில் இருந்தது. கடல் தண்ணீர்த் தொட்டி. அங்கே தரையைப் பெயர்த்துப் புதுக்கல் பதித்தபோது டாக்டர் அதை எடுத்துவிடச் சொன்னார். மீன்களையெல்லாம் மீன்கடைக்காரர் வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மிச்சமிருந்த கண்ணாடித் தொட்டியையும் இரும்புக் காலையும் இரண்டு டப் நிறையத் தண்ணீரோடு பாறைகளையும் அக்கா, "சும்மா தராங்க, விடுவானேன்" என்று வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு ஆரஞ்சு மீன் வாங்கி விடலாம், வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று அவளுக்கு அப்போது பெரிய ஆசை. நாலு நாள் மோட்டார் இரைச்சலைக் கேட்டதும் ஆசை வடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு சாமான்மேல் ஆசை வடிந்தால் அது நேராக என் தலையில் வந்து விழும். பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் நான்தான்.

பத்தாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்கிற பதில் முன் பெஞ்சைத் தாண்டாது. தினமும் பள்ளிக்குப் போயும் பாதி நாள் வராதவளாகவே பதிவாகியிருந்தேன். பிறகு நிஜமாகவே வராதவளாகிவிட்டேன்.

தொட்டி வந்த பத்தாம் நாள் சாயங்காலம் விளக்கை அணைக்கப் போனவள், பெரிய பாறையின் பொந்துக்குள் விரல் நீளத்தில் ஏதோ அசைவதைப் பார்த்தேன். தலையிலிருந்து பாதி உடம்பு கத்தரிப்பூ நிறம், மீதிப் பாதி மஞ்சள். கடைக்காரரின் வலைக்குத் தப்பி, பாறைக்குள் இருந்தபடியே டப்பில் ஏறி, வண்டியில் வந்து, இரண்டு மாடி ஏறி, பத்து நாள் எங்களோடு குடியிருந்திருக்கிறது.

ஆனால் என்னைக் கலவரப்படுத்தியது வேறு. அது தலைகீழாக இருந்தது. வயிறு பொந்தின் கூரையைப் பார்க்க, முதுகு தரையைப் பார்க்க நின்றது. சாகப்போகிறது என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சடாரென்று உள்ளே போய்விட்டது. சாகப்போகிற மீன் அந்த வேகத்தில் போகாது. பிறகு பார்த்த இரண்டு முறையும் அப்படியேதான் நின்றது, நன்றாகத்தான் இருந்தது. கூரை கிடைத்தால் அதையே தரையாக வைத்துக்கொள்வது அதன் வழக்கம் என்று புரிந்துகொண்டேன். இதை மட்டும் நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா, "இந்த வீட்டுக்கு வந்ததும் மீனும் தலைகீழா நிக்குது பாரு" என்பாள் என்று எனக்குத் தெரியும்.

தொட்டியின் பக்கவாட்டில் மீன்கடையின் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. நான் போனை அப்பாவிடம் நீட்டினேன்.

"நீயே பேசேன்ம்மா. மீனைப் பார்த்தவ நீதானே."

"நீங்க பேசுங்கப்பா."

நான் போன் பேசினால் அந்தப் பக்கம் மூன்று முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அப்பா பால்கனிக்குப் போய்ப் பேசினார். அப்பா ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் கிளம்பிக் கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு மதியம் வருவார். வேன் இரைச்சலிலேயே வாழ்ந்தவர், போனில் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு என்னவோ கிசுகிசுவென்று பேசிவிட்டு வந்தார். மீன் பயந்துவிடுமாம்.

"அதும் பேரு ராயல் கிராமாவாம்."

"கிராமமா?" என்றாள் அம்மா.

"அதான் டவுனப் பார்த்து மிரளுது," என்றாள் அக்கா.

கடைக்காரர் சொன்னதாக அப்பா மூன்று விஷயம் சொன்னார். வாரம் ஒரு முறை இரண்டு வாளித் தண்ணீரை எடுத்துவிட்டு, உப்பு கலந்த புதுத் தண்ணீர் இரண்டு வாளி விட வேண்டும். தீனி கொஞ்சமாகப் போட வேண்டும். பயந்தால் வெளியே துள்ளி விழுகிற ஜாதி, அதனால் மூடி வேண்டும். மறுநாளே அப்பா அளவெடுத்து ஒரு கண்ணாடி மூடி வெட்டிக்கொண்டு வந்தார்.

அதோடு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பின்பக்க பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம். வெள்ளிக்கிழமை அதில் வடிகட்டிய தண்ணீர் பிடித்து, கடல் உப்புப் பாக்கெட்டைக் கொட்டி, சின்ன மோட்டாரைப் போட்டு ராத்திரி முழுக்கச் சுழல விடுவேன். சனிக்கிழமை காலையில் உப்பு அளக்கும் டப்பாவில் டிரம் தண்ணீரை மொண்டு பார்ப்பேன். கையகல பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு முள். உப்பு ஏற ஏற முள் மேலே போகும். பச்சைக் கோட்டில் நின்றால் சரி. எனக்கு எப்போதும் பச்சைக் கோட்டில்தான் நின்றது. கணக்குப் பாடத்தில்கூட நான் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

முதல் பத்து நாளில் தொட்டித் தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருந்தது. மூடி வந்த பிறகு கண்ணாடியில் நான் கிழித்துவைத்த கோட்டை விட்டு அது இறங்கவே இல்லை. ஒரு நோட்டில் தினமும் எழுதினேன்: தண்ணீர் கோட்டில், தீனி தின்றது, பார்க்கவில்லை. மூடி நன்றாக வேலை செய்கிறது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைக்கூட நான் மூடிக்காக என்றே நினைத்தேன்.

வீட்டில் மீனுக்குக் குடித்தனக்காரர் என்று பெயர் வைத்தார்கள். "உன் குடித்தனக்காரர் எழுந்தாச்சா?" என்று அம்மா கேட்பாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் போர்வைகளை இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள், குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் ஐஸ் தட்டில் மீனுக்கான குட்டி இறால்கள் உறைந்திருக்கும். "ஆத்தாளுக்கு ஒரு வாய் ஐஸ் தண்ணி கிடையாது, அவருக்கு மட்டும் கட்டி கட்டியா" என்பாள். இதெல்லாம் பரவாயில்லை. மேல்வீட்டு டீச்சர் முதல் காஸ் கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் வந்து காலித் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, "உனக்கேத்த மீனு" என்று சிரிப்பார்கள். ஏதோ அவர்தான் முதல்முதலாகக் கண்டுபிடித்ததுபோல ஒவ்வொருவரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது ஒளிந்துகொள்கிறது. நான் பேசாமல் இருக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

ஐந்தாவது வாரத்திலிருந்து எல்லாம் கெட்டது.

முன்பெல்லாம் சொட்டு மருந்துக் குழாயில் ஒரு இறால் துணுக்கை எடுத்துப் பொந்து வாசலில் விட்டால், கண்ணிமைப்பதற்குள் அது மாயமாகும். மீன் தெரியாது, தீனி மறைவதுதான் தெரியும். அந்த வாரம் துணுக்கு அப்படியே மிதந்து கீழே விழுந்தது. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு சாவகாசமாக வந்து தின்றது. மறுநாளும் அப்படியே. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகளில் ஒன்று உதிர்ந்து விழுந்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தது. மூடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தடித்துக்கொண்டே வந்தது. நோட்டில் 'தின்னவில்லை' என்று வரிசையாக எழுதினேன். எட்டு, பத்து, பதினான்கு என்று நாள் போயிற்று.

நான் செய்ய வேண்டியதில் ஒன்றும் தவறவில்லை. முள் பச்சையில். தண்ணீர் கோட்டில். அப்படியானால் தப்பு வேறு யாரோ செய்கிறார்கள். முதலில் அக்காவைச் சந்தேகப்பட்டேன். வேலைக்குக் கிளம்பும்போது முன்னறைக் கண்ணாடியின் எதிரில் நின்று அவள் சென்ட் அடித்துக்கொள்வாள்.

"இங்க அடிக்காத," என்றேன்.

"என்னது?"

"சென்ட். தண்ணியில எறங்கும்."

"உன் மீனுக்காக நான் வேர்வ நாத்தத்தோட பஸ் ஏறணுமா? இல்லாத மீனுக்கு மூக்கு வேறயா?"

ஒரு வாரம் அவளைக் குளியலறைக்குள் சென்ட் அடிக்க வைத்தேன். அதற்கு அவள் காட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். மீன் தின்னவில்லை.

அப்புறம் அம்மா. டிரம்மில் ஐந்து வாளி கலந்து இரண்டை எடுத்தால் மூன்று மிஞ்ச வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் இரண்டேகால்தான் இருந்தது. ஓட்டையோ என்று டிரம்முக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். தாள் மொறுமொறுவென்று காய்ந்தே கிடந்தது. தரை துடைக்க அம்மாதான் எடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"உப்புத் தண்ணியில தரை தொடைக்க நான் என்ன லூசா?" என்றாள் அம்மா. "உனக்கு அந்தத் தொட்டியப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கலங்கிப் போச்சுடி. அக்கா கூட ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வா."

அப்பாவைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் விழிக்கும்போது அவர் வீட்டில் இருக்க மாட்டார். வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். தொட்டிப் பக்கம் அவர் போய் நான் பார்த்ததே கிடையாது.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வீட்டிலிருந்தே மருத்துவ அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை கூடுதலாகக் கிடைத்தது. மடக்கு மேசை ஒன்று வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள். அதை விரிக்க முன்னறையில் இடமில்லை. இரண்டு நாள் சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்து நின்றுகொண்டே தட்டினாள். மூன்றாவது நாள், புதன்கிழமை, சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குக் கடைக்காரர் வர்றார். தொட்டி, பாறை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவார்."

"மீன்?"

"எந்த மீன்?"

"உள்ள இருக்கு."

"இருந்திருக்கும். அது தின்னு மூணு வாரம் ஆச்சுன்னு நீதான மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? செத்து அந்த நண்டு தின்னுருக்கும்." பிறகு அவளுக்கே கொஞ்சம் மனசு இளகியிருக்க வேண்டும். "சரி, இப்படி வெச்சுக்கோ. ஞாயித்துக்கெழமைக்குள்ள எனக்கு ஒரே ஒரு தடவ காட்டு. வாலு தெரிஞ்சாப் போதும். அப்புறம் நான் வாயத் தொறக்கல."

அவள் கேட்டது நியாயம்தான் என்பதே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாறையைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் பொந்துக்குள் இருக்கிற மீன் வெளியே வராது. உள்ளேதான் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் பாறையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போவார். அது மூச்சுத் திணறிச் சாவது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒரு மீனே இல்லை.

மூன்று நாள் தொட்டி முன்னாலேயே கிடந்தேன். விளக்கைக் குறைத்தேன். மோட்டாரை அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். இறாலைப் பொடியாக்கி, சாறாக்கி, பூண்டுத் தண்ணீரில் ஊறவைத்து விட்டேன். நண்டு கொழுத்தது. சனிக்கிழமை இன்னொரு நத்தை விழுந்தது. கண்ணாடியில் என் மூக்குப் பட்ட இடம் வட்டமாக மங்கிப்போயிற்று. "வாயேன்" என்று கெஞ்சினேன், "போயேன்" என்று திட்டினேன். ஒரு பொந்தை மூன்று நாள் உற்றுப் பார்த்தால் அது பொந்தாகக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். முன்னறையில் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

அப்பாவுக்கு ஞாயிறு வேன் கிடையாது, ஆனால் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். மூடியை ஓரமாக நகர்த்திவிட்டு, கையில் சொம்போடு நின்றார். தண்ணீர் தொப்பென்று விழாமல் இருக்க இடது உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றி, அதிலிருந்து வழியவிட்டுக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க, அவ்ளோதான்" என்று பொந்தைப் பார்த்துச் சொன்னார். ஊற்றி முடித்துக் குனிந்து, நான் கிழித்த கோட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்னப்பா ஊத்துறீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "எழுந்துட்டியா? நல்ல தண்ணிம்மா."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"டிரம்லேருந்துதான். நீ கலக்கி வெச்சிருக்கியே."

"தினமுமா?"

"தினமும் ஒரு சொம்பு. வேனுக்குப் போறதுக்கு முன்னால. அந்தக் கடைக்காரர் சொன்னாரேம்மா, காத்துல குறையிற அளவுக்குத் தினம் நல்ல தண்ணி ஊத்துங்க சார்னு. மத்ததெல்லாம் நீ பண்ற, இது ஒண்ணாவது நான் பண்ணலாம்னுதான் உங்கிட்ட சொல்லல." என் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "ஏம்மா, கடல்மீனுக்கு நல்ல தண்ணின்னா அதானே? குழாத் தண்ணி ஊத்தினா செத்துடாதா?"

எனக்கு ஒரேயடியாக எல்லாம் விளங்கியது. காற்றில் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். குறைந்ததை வெறும் தண்ணீரால் நிரப்பியிருக்க வேண்டும். அப்பா ஏழு வாரமாக, ஒரு நாள்கூடத் தவறாமல், உப்புக்கு மேல் உப்பாக ஊற்றியிருக்கிறார். நானோ மூடி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, டிரம் தண்ணீரை மட்டும் அளந்திருக்கிறேன். தொட்டித் தண்ணீரை ஒரு முறைகூட அளக்கவில்லை. கோட்டை விட்டு இறங்காத தண்ணீரில் உப்பு எப்படி ஏறும் என்று இருந்துவிட்டேன்.

டப்பாவைத் தொட்டிக்குள் முக்கி எடுத்தேன். முள் பச்சைக் கோட்டைத் தாண்டி, சிவப்பைத் தாண்டி, டப்பாவின் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

"இது எங்கே இருக்கணும்?" என்றார் அப்பா. கோட்டைக் காட்டினேன். அவர் குளியலறைக்குப் போனார். நான் இன்னும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ட், தரை துடைக்கும் துணி, செய்தித்தாள். மூன்று வாரமாக வீட்டில் எல்லோரையும் கடித்துக் குதறியிருக்கிறேன். அன்றைக்குப் போனை நானே காதில் வைத்திருந்தால் நல்ல தண்ணீர் என்றால் எது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா? அந்தச் சந்தேகமும் சேர்ந்து எரிந்தது.

அப்பா வாளி நிறையக் குழாய்த் தண்ணீரோடு வந்தார். "நாலு வாளி எடுத்துட்டு நாலு வாளி ஊத்திடுவோம். உடனே சரியாயிடும்."

"வேணாம்ப்பா," என்றேன். என் குரல் வழக்கம்போல என் பல்லைத் தாண்டவில்லை. அவர் வாளியைத் தொட்டி விளிம்புக்குத் தூக்கிவிட்டார்.

"கீழ வைங்க."

அது நான் கத்தியதுதான். வாளி கீழே இறங்கித் தண்ணீர் அப்பாவின் பாதத்தில் கொட்டியது. அக்கா அவிழ்ந்த தலையோடு ஓடி வந்து, பின்னால் வந்த அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரு கத்துனது? இவளா?"

"உப்பு ஒரேயடியா எறங்கினாலும் தாங்காது," என்றேன். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும்."

அப்பா தலையை ஆட்டினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துத் தொட்டியிலிருந்து நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நனைந்த காலைத் துடைக்கவில்லை. தேநீர் கொண்டுபோய் வைத்தாள் அம்மா, அது ஆறி ஆடை கட்டியது. நான் ஒரு சொம்பு தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, ஒரு சொம்பு வடிகட்டிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அப்புறம் பின்பால்கனிக்குப் போய், இப்படி எத்தனை சொம்பு, எத்தனை நாள் என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் இரண்டு வாரத்துக்குக் குறையவில்லை. கையில் இருந்ததோ ஐந்து மணி நேரம்.

கடைக்காரர் கால்மணி நேரம் முன்னதாகவே வந்தார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, மணிக்கட்டு நிறைய ரப்பர் பாண்டு போட்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் சார்தான். "வணக்கம் சார்," என்றார் அம்மாவிடம். "இதுவா சார்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். டப்பையும் சாக்கையும் கீழே வைத்து, சட்டைக் கையைச் சுருட்டினார்.

"உள்ள மீன் இருக்கு," என்றேன்.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்லங்க, நீங்க எடுங்க," என்றாள் அக்கா.

அவருடைய கை தோள்வரை உள்ளே போனது. விரல்கள் பெரிய பாறையின் அடியைப் பிடித்தன.

"மீன் இருக்குது," என்றார் அப்பா நாற்காலியிலிருந்து. "நான் பார்த்தேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவளுக்காகச் சொல்லாதீங்க."

"அவளுக்காகச் சொல்லல. பார்த்தேன். ஒரு மணி நேரம் முன்னால. அவகிட்ட சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரல." அப்பா என்னைப் பார்க்காமல் ஈரமான பாதத்தைப் பார்த்துச் சொன்னார். "நல்லா இல்லம்மா அது. தலைகீழாக் கெடக்குது. வயிறு மேல, முதுகு கீழ, கூரையில ஒட்டிக்கிட்டு. நான் ஊத்துன தண்ணிதான் அதக் கவுத்துடுச்சு."

அது தலைகீழாக நிற்பதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. நோட்டில்கூட எழுதவில்லை. பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது.

"கவுந்து கெடக்குன்னா செத்துடுச்சுன்னு அர்த்தம்," என்றாள் அக்கா. இந்த முறை கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

கடைக்காரர் பாறையை விட்டுவிட்டுக் கையை மெல்ல, அலை எழும்பாமல் வெளியே எடுத்தார். "சார், அன்னிக்குப் போன்ல சொன்ன மீனா? செத்துடுச்சுன்னாங்களே. முன்பாதி வயலட்டு, பின்பாதி மஞ்சளா?"

"ஆமா."

"வாய் அசைஞ்சுதா?"

"தொறந்து தொறந்து மூடிச்சு."

"ஐயோ சார், அது அப்படித்தான் இருக்கும். கூரையப் பார்த்துதான் நிக்கும் அந்த ஜாதி. தலைகீழா நின்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம். இதத்தான் ஆஸ்பத்திரியில நான் ரெண்டு நாள் தேடுனேன்." சொல்லிக்கொண்டே ஈர விரலை நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "என்ன சார் இது? மீன் வளக்குறீங்களா, கருவாடு போடுறீங்களா?"

அப்பா எழுந்து நின்று, எந்தச் சொம்பு, எந்த டிரம் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தார். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி சார். எங்க தெருவுல ரெண்டு குழா. ஒண்ணு உப்புத் தண்ணி, ஒண்ணு நல்ல தண்ணி. பொறந்ததுலேருந்து அப்படித்தான் சொல்றோம்."

"எங்க வீட்டுல ஒரே குழாதாங்க. அதுல வர்றதுக்குப் பேரு தண்ணி, அவ்ளோதான். நீங்க நல்ல தண்ணின்னதும் நான் அதுக்கு எது நல்லதோன்னு..." என்றார் அப்பா.

"எடுத்துட்டுப் போறீங்களா இல்லையா?" என்றாள் அக்கா.

"எப்படி சார் எடுக்கிறது? இந்த உப்புலேருந்து எங்க கடைத் தண்ணிக்கு மாத்தினா சாயங்காலம் தாங்காது. முள்ளு பச்சைக்கு வரட்டும். தினம் ரெண்டு சொம்பு, அதுக்கு மேல கூடாது. ரெண்டு வாரம் கழிச்சுப் போன் பண்றேன்." மூடியை எடுத்து அவரே பதமாக வைத்தார். போகும்போது அப்பாவின் தோளைத் தட்டி, "நல்ல தண்ணி சார்," என்றார்.

மறுநாள் அக்கா செருப்பு அலமாரியைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு, தொட்டிக்கு இடித்துக்கொண்டு மேசையை விரித்தாள். நாற்காலியை முழுதாக இழுத்தால் கதவு திறக்காது. "ரெண்டு வாரம்தான்," என்று என்னிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

காலைச் சொம்பு அப்பாவுடையது, சாயங்காலச் சொம்பு என்னுடையது. வடிகட்டிய தண்ணீர்ச் சொம்பில் அப்பா ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி 'இது' என்று எழுதிவைத்தார். டிரம்மில் 'இது இல்லை' என்று எழுதினார். நான்காம் நாள் முள் உச்சியை விட்டு நகர்ந்தது. ஏழாம் நாள் நத்தை வாயைத் திறந்தது. எட்டாம் நாள் தீனி மறைந்தது. நான் கண்ணிமைத்த நேரம் பார்த்து மறைந்தது.

பத்தாம் நாள் அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தலைகீழா நிக்கிறப்ப அதுக்குத் தல சுத்தாதா?" என்று கேட்டாள்.

"எப்ப பார்த்த?"

"நேத்தும் வந்துச்சு. இன்னிக்கும் வந்துச்சு. நான் தட்டிக்கிட்டிருந்தா வருது, திரும்பினா போயிடுது. நீ காட்டல, அதுவா வந்துச்சு. அதனால பேச்சு பேச்சாத்தான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

மறுநாள் அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாளாம். "அழகாத்தான்டி இருக்கு. இவ்ளோ அழகா இருந்துக்கிட்டு என்ன வெக்கம்?" என்றாள். மேல்வீட்டு டீச்சர் சர்க்கரை கேட்க வந்த இடத்தில் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அதன் தண்ணீரை அளப்பவள் நான், தீனியைக் கரைப்பவள் நான், அதற்காக வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டவள் நான். முப்பத்தாறு நாளாக எனக்கு அந்தப் பொந்துதான் தெரிகிறது.

பதினான்காம் நாள் சாயங்காலம் டப்பாவில் மொண்டு பார்த்தேன். முள் பச்சைக் கோட்டில், நடுவில், அசையாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கடைக்காரர் எண். அடித்துக்கொண்டே இருந்தது. நான் போனை எடுத்து, வழக்கம்போல அக்காவிடம் நீட்டினேன்.

அக்கா போனைக் காதில் வைத்தாள். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். முள்ளைப் படிக்க அவளுக்கும் இப்போது தெரியும்.

"இன்னும் எறங்கலயாம்," என்றாள் போனில். "நாள் ஆகும்போல. நாங்களே கூப்பிடுறோம்."

வைத்துவிட்டு மேசைப் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினாள். "இடம் பத்தலதான்," என்றாள் திரையிடம். பிறகு, "ஏய், மெதுவா, மெதுவா, வந்திருக்கு," என்றாள்.

நான் திரும்பினேன். பொந்துதான் இருந்தது.